கந்தகம் இல்லாத புகை

சாமு,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ நேராகச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தாய். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் சட்டையைத்தான் பார்த்தேன். ஓர் ஓட்டை இல்லை. கம்பெனியில் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் உன் சட்டை எதுவும் ஒரு மாதம் முழுசாக இருந்ததில்லை. திராவகம் ஒரு துளி தெறித்தால் போதும், நூல் பொடியாக உதிரும். ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குச் சோறு போடுவதும், உன் சட்டைக்கு ஒட்டுப் போடுவதும்தான் என் வேலை. இந்த முறை ஊசிக்கு வேலை இல்லை. நீ சந்தோஷமாகச் சொன்னாய்: "யம்மா, நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து உலைக்கு நான்தான் பொறுப்பு." நான் உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன். "இன்னாமா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்று கேட்டாய். "துன்னு" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அன்று சொன்னால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டவில்லை. கம்பெனிக்கு மதியச் சோறு கொண்டுவரும் ஆளிடம் திறந்தே கொடுத்து அனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். கேட்டில் நிற்பவர் படிக்கட்டும், மேனேஜர் படிக்கட்டும். இதில் நான் ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வயசான தாய் மகனுக்கு உபதேசம் எழுதுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பொறுமை என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சமாசாரம் இன்னும் எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

நீ சொன்னதை முதலில் நானே ஒரு முறை சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். எங்கேயோ சண்டை, ஒரு கால்வாயை அடைத்துவிட்டார்கள். கந்தகம் ஏற்றிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. குழம்பில் விரலைத் தொட்டுத் தட்டில் ஆப்பிரிக்காவை வரைந்துகூடக் காட்டினாய். இந்தப் பக்கம் மழை கொட்டி, ஆரணியாறு கரை மீறி, பட்டணம் வரைக்கும் குடிக்கிற தண்ணீரெல்லாம் சேறு. அதைத் தெளியவைக்கப் படிகாரம் உடனே வேண்டும், மூன்று ஷிப்டும் ஓட்டு என்று சர்க்கார் உத்தரவு. ஆனால் கந்தகம் இல்லாமல் திராவகம் இல்லை, திராவகம் இல்லாமல் படிகாரம் இல்லை. கம்பெனி நிற்கிறது என்று தெரிந்தால் நமக்கு ஒதுக்கிய கந்தகம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். கப்பல் வந்த பிறகும் நமக்குக் கிடைக்காது. அதனால் கப்பல் வரும்வரை ஈர வைக்கோலையும் பழைய டயரையும் போட்டு உலையை மூட்ட வேண்டும். புகை தெரிந்தால் போதும். "சொம்மா புகைதாமா. அதுல யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றாய்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

கொரியாவில் சண்டை நடந்த வருஷம் நீ திருவள்ளூரில் ஹாஸ்டலில் இருந்தாய். உன் ரூத்து அத்தை வாந்திபேதியில் போய்விட்டாள் என்று மட்டும் உனக்கு எழுதினோம். நீ வந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாய். அதற்கு மேல் உன் அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் இருக்கும்வரை அது அவர் சொல்ல வேண்டிய விஷயம் என்று இருந்தேன். நெஞ்சுச் சளி அவரைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி நான் சொல்லலாம்.

கம்பெனி வருவதற்கு முன்னால் நம் காலனிக்குத் தண்ணீர் என்றால் அந்தக் குட்டைதான். மழைக்காலத்தில் குட்டை கலங்கினால் ஊர்த் தெருக் கிணற்றுக்குப் போவோம். நாம் இறைக்கக் கூடாது. குடத்தைக் கீழே வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கிணற்று வீட்டம்மாள் மேலேயிருந்து வாளியைக் கவிழ்ப்பாள். பாதி குடத்தில் விழும், பாதி நம் காலில் தெறிக்கும். கேவலம்தான். ஆனால் அது நல்ல தண்ணீர், மழைக்காலத்தில் அதை ஊற்றாமல் விட்டதில்லை. அது அவர்களுக்கும் பழக்கம், நமக்கும் பழக்கம். கம்பெனி வந்த பிறகு ஆம்பிளைகள் எல்லோரும் திராவக வேலைக்குப் போனார்கள். வேறு தெருக்காரன் எவனும் அந்த வேலைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனி ஒரு தயவு செய்தது. சனிக்கிழமை தோறும் மேஸ்திரி படிகார உடைசல் ஒரு மூட்டை கொண்டுவந்து குட்டையில் கொட்டுவார். சேறு அடியில் இறங்கிவிடும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். அதிலிருந்து ஊர்த் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது: கம்பெனிப் புகைக்கூண்டில் புகை வந்தால் காலனிக்குத் தண்ணீர் உண்டு.

அந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. லாரியில் மஞ்சள் மூட்டை வரும், அவ்வளவுதான். நம் நாட்டு மண்ணில் அது கிடைப்பதில்லை, கடல் கடந்து வருகிறது, கொடுக்கிற நாடு கை மூடினால் இங்கே உலை அணைந்துவிடும் என்பதெல்லாம் அந்த வருஷம்தான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். கொரியாவில் சண்டை என்றதும் கந்தகம் வைத்திருந்தவர்கள் தங்களுக்குப் போக மிச்சத்தைத்தான் அளந்து விட்டார்கள். விலை ஏறியது. நம் கம்பெனிக்கு லாரி வருவது நின்றது. அதே சமயத்தில் இங்கே மழை, வெள்ளம், வாந்திபேதி. தமுக்கு அடித்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான்: படிகாரக் கம்பெனி அத்தியாவசியக் கம்பெனி, ஆள் எவனும் வேலைக்கு வராமல் இருக்கக் கூடாது, வராதவன் மேல் நடவடிக்கை. உத்தரவுக்குக் கந்தகம் கீழ்ப்படியவில்லை. நாங்கள் கீழ்ப்படிந்தோம். சங்கு ஊதியது. ஆம்பிளைகள் போனார்கள். கூண்டில் புகை எழுந்தது, முன்னைவிடக் கறுப்பாக, முன்னைவிடக் கனமாக.

சாமு, அந்த நாட்களைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவை நல்ல நாட்களாக இருந்தன. அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கவில்லை. காலனியில் இருமல் நின்றது. கம்பெனி மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எப்போதும் கருகின இலையோடு நிற்கும். அந்த மழையில் அது துளிர்த்தது. வெளிர்ச் சிவப்பாக, குழந்தை விரல் மாதிரி. மைனாக்கள் வந்து கூண்டின் விளிம்பில் உட்கார்ந்தன. புகைக்குள்ளேயே உட்கார்ந்தன. பெண்கள் அதைப் பார்த்து, "இப்ப புதுசா மருந்து இன்னாமோ போடறாங்களாம், அதான் எரியல" என்று பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது. எனக்கு மட்டும் அந்த மரத்தைக் கடந்து போக முடியவில்லை. சாகக் கிடக்கிற நோயாளி திடீரென்று எழுந்து உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உன் அப்பாவின் சட்டையைக் கவனித்தேன். அப்போது உலையை மூட்டுகிற வேலை அவருக்கு. துவைக்கிற கல்லில் வைத்து விரித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, கறை இல்லை, வைக்கோல் வாசனை. கழனி வேலைக்குப் போன ஆளின் சட்டை மாதிரி இருந்தது.

"இன்னாய்யா, நீ கம்பெனிக்குத்தான் போறியா?"

"வேற எங்க போறாங்க?"

"சட்டை முழுசா கீது."

"முழுசா இருந்தா உனக்கு இன்னா பேஜாரு? ஒட்டுப் போடற வேலை மிச்சம்னு சந்தோஷமா இரு."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையையும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் நானே சோறு எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் ஆள் இல்லை. பெரிய அதிகாரி வருகிறார் என்று எல்லோரும் உள்ளே ஓடியிருந்தார்கள். நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். படிகாரம் காய்ச்சும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு ஆட்கள், கையில் நீளமான மரத் துடுப்பு. எல்லோரும் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டிகள் காலி. அடியில் ஈயத் தகடு மட்டும். காய்ந்த தகட்டில் மரம் உராய்கிற சத்தம், ஒரே தாளத்தில், அந்தக் கொட்டகை முழுவதும். தெரிந்த முகங்கள்தான், நம் தெரு ஆட்கள்தான். என்னைப் பார்த்தார்கள், கை நிற்கவில்லை. எதிர்வீட்டு யாக்கோபு மாமா நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒன்றுமில்லாததைக் கிண்டினாலும் வியர்க்கிறது. நான் சோற்றுத் தூக்கை அங்கேயே கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதிகாரி அன்று வரவில்லை. ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தாராம், புகை வந்ததாம், அதுவே போதும் என்று போய்விட்டாராம். இதை உன் அப்பா இரண்டு நாள் கழித்துச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலமே குட்டைக்கரையில் பெண்களிடம் சொன்னேன். உள்ளே ஒன்றும் காய்ச்சவில்லை, அது வெறும் வைக்கோல் புகை, இந்தத் தண்ணீரை நம்பாதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள், கிணற்றுக்குப் போவோம் என்றேன். நம்பவில்லை. "படிச்ச பொம்பளைக்கு எல்லாம் சந்தேகம்" என்றாள் ஒருத்தி. "உன் ஊட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சா, எங்காளுக்கும் போவணும்னு பாக்கிறியா?" என்றாள் இன்னொருத்தி. "உங்க ஊட்டு ஆம்பளைங்க சட்டையைப் போய்ப் பாருங்க" என்றேன். அது கொஞ்சம் தைத்தது. இரண்டு மூன்று பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது எப்படியோ மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் மதியம் உன் அப்பா வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சட்டை. வாயில் பீடி. ஓர் இழுப்பு இழுப்பார், நெருப்பை நுனியில் சிவக்க வைப்பார், சட்டையில் ஓரிடத்தில் தொடுவார். சுருண்டு ஓர் ஓட்டை விழும். அடுத்த இழுப்பு, அடுத்த ஓட்டை. தோள் பக்கம், வயிற்றுப் பக்கம், திராவகம் எங்கெங்கே தெறிக்குமோ அங்கெல்லாம் கவனமாக. தெருவில் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் யாக்கோபு மாமாவும் அதையே செய்துகொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டிலும். பட்டப்பகலில் ஒரு தெரு முழுக்க ஆம்பிளைகள் உட்கார்ந்து தங்கள் சட்டையைத் தாங்களே சுட்டுக்கொண்டிருந்தார்கள். "ஓட்டை இல்லாத சட்டையோட ஷிப்டுக்கு வரக்கூடாதுன்ட்டாங்க" என்றார் உன் அப்பா. மறுநாள் குட்டைக்கரையில் ஒருத்தி தன் புருஷன் சட்டையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "பாருடி, நல்லா பாரு! ஓட்டை!" எல்லோரும் சிரித்தார்கள்.

ரூத்து மட்டும் சிரிக்கவில்லை. உன் அத்தையை உனக்குத் தெரியும். பதினெட்டு வயசுக்கு அந்த வாய் அதிகம். சனிக்கிழமை மேஸ்திரி வழக்கம்போல மூட்டையைக் கொண்டுவந்து குட்டையில் கொட்டினார். வெள்ளைத் தூள்தான். கரையில் சிந்தியதை நான் எடுத்து நாக்கில் வைத்தேன். படிகாரம் என்றால் நாக்கைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். இது பிடிக்கவில்லை. ஏதோ கல்லை இடித்த மாவு. ரூத்துவும் ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். சப்புக் கொட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி இது, உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, எங்கண்ணன் பேச்சு மாதிரி கீது" என்றாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ் மேஸ்திரி, கோலம் போடறதுக்கா கொணாந்தே? முன்னாடியே சொல்லியிருந்தா புள்ளி வெச்சிருப்போமே!" அவர் காலி மூட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நின்றது. பார்க்கச் சுத்தமாகத்தான் தெரிந்தது.

நானும் அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்த் தெருக் கிணற்றுக்குப் போனோம். குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். கிணற்று வீட்டம்மாள் வெளியே வந்தாள். வாளியைத் தொடவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"குட்டை கலங்கிடுச்சுமா. ரெண்டு குடம் ஊத்துங்கமா" என்றேன்.

அவள் கையை நீட்டி எங்கள் தலைக்கு மேலே காட்டினாள். திரும்பிப் பார்த்தோம். புகை.

"அது எதுக்கு எரியுது? உங்களுக்குத்தானே மருந்து காய்ச்சறாங்க? கம்பெனி ஜனங்க நீங்க, பெரிய மனுசங்க. எங்க கெணத்துல இன்னா இருக்குது?"

"அது சொம்மா புகைமா. உள்ள ஒண்ணும் இல்ல."

"புகை வருது, கண்ணுக்கு முன்னால வருது, இல்லேன்றியே. பொய் சொன்னாலும் ஒரு அளவு வேணாவா?"

ரூத்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "வா அண்ணி. இவங்களுக்குத் தண்ணி ஊத்தாம இருக்க ஒரு சாக்கு வேணும். எங்கண்ணன் அதைக் கூலி வாங்கிக்கினு செஞ்சு குடுக்கறாரு" என்றாள். திரும்பி வந்தோம். குட்டையில் குடத்தை முக்கினாள்.

காய்ச்சிக் குடித்தோமா என்று கேட்பாய். நான் முடிந்தவரை காய்ச்சினேன். அந்த மழையில் விறகு எங்கே உலர்ந்திருந்தது? கிடைத்த வைக்கோலையும் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது, உலைக்கு.

காலனியில் வாந்திபேதி மேலண்டை வீட்டில் ஆரம்பித்தது. நான்காவது வீடாக நம் வீடு. விடியற்காலையில் ரூத்துவுக்கு வந்தது, மதியத்துக்குள் கண் குழிந்துவிட்டது. மாட்டு வண்டி பிடித்துப் பொன்னேரிக்குக் கிளம்பினோம். வண்டி கம்பெனி மதிலை ஒட்டிப் போகிறது. அவள் தலை என் மடியில். மேலே பார்த்துக்கொண்டே, "அண்ணி, புகை எவ்ளோ நேரா போவுது பாரேன். காத்தே இல்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், துணி காயப்போடும்போது சொல்வது மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் கேட்டாள். என்னிடம் இருந்தது அந்தத் தண்ணீர்தான். கொடுத்தேன். பொன்னேரி வரை அவள் வரவில்லை.

மறுநாள் காலையில் அடக்கம். மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. உன் அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். வராதவன் மேல் நடவடிக்கை என்று தமுக்கு அடித்திருந்தார்களே. நான் வாசலில் நின்றேன், அவர் என்னைத் தாண்டிக்கொண்டு போனார். தங்கச்சியைப் புதைத்த கையால் உலையை மூட்டினார். கொஞ்ச நேரத்தில் கூண்டில் புகை வந்தது. கல்லறையிலிருந்து பார்த்தாலும் அது தெரியும். அவரைக் குற்றவாளி ஆக்க இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு வாழ்ந்த நாளெல்லாம் அவர் தலையை நிமிர்த்தி அந்தக் கூண்டைப் பார்த்ததில்லை. வண்டியில் போனாலும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மனுஷனை அப்படி ஆக்கியவர்கள் நன்றாக நிமிர்ந்தே நடந்தார்கள்.

இனி நீ சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். புகை விட்டால்தான் ஒதுக்கீடு நிலைக்கும், கப்பல் வந்ததும் நமக்குக் கந்தகம் கிடைக்கும் என்றாய். பொய் இல்லை. அந்த முறையும் கிடைத்தது. ரூத்து போய்க் கொஞ்ச நாள் கழித்து லாரிகள் வந்தன, மஞ்சள் மூட்டைகளோடு. நாங்கள் எல்லோரும் ரோட்டோரம் நின்று பார்த்தோம். முன் கேட் வழியாக உள்ளே போயின. ஆள் எவனும் மூட்டையைத் தொடவில்லை. பின் கேட் வழியாக அப்படியே வெளியே வந்தன, பட்டணம் பக்கம் திரும்பின. அந்தச் சண்டையில் கந்தகம் வைத்திருந்தவன் ராஜா. படிகாரம் காய்ச்சி விற்பதைவிடக் கந்தகமாகவே கைமாற்றிவிட்டால் லாபம். லாரியிலிருந்து சிந்திய தூளை மிதித்துவிட்டுக் கோழிகள் மஞ்சள் காலோடு ரோட்டில் மேய்ந்தன. ஊரில் இருந்த ஒரே கந்தகம் கோழிக் காலில் இருந்தது. அதற்குப் பிறகும் கூண்டு புகைந்தது, அடுத்த ஒதுக்கீட்டுக்காக. நாம் கம்பெனியைக் காப்பாற்றினோம் சாமு. அது எதைக் காப்பாற்றியது என்று நீயே சொல்.

தண்ணீர்தான் காரணம் என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்பாய், நீ படித்தவன். முடியாது. படிகாரம் சேற்றைத்தான் இறக்கும், வாந்திபேதிக்கு அது முழு மருந்தில்லை என்று பின்னால் ஒரு நர்ஸம்மா சொன்னார். இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: புகை இல்லாவிட்டால் கிணற்று வீட்டம்மாள் ஊற்றியிருப்பாள். திட்டிக்கொண்டாவது ஊற்றியிருப்பாள். ஆபத்துக் காலத்தில் நாடு எல்லோரையும் வேலைக்குத் திரட்டுகிறது என்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டியது வராதபோது எதை வைத்துத் திரட்டுவது? எங்களைத்தான் திரட்டினார்கள். காலித் தொட்டியைக் கிண்ட ஆள் கிடைத்தது, சட்டையைச் சுட ஆள் கிடைத்தது. இல்லாததை இல்லை என்று சொல்லியிருந்தால், அதுவே அன்று எங்களுக்கு ஒரு குடம் தண்ணீர். பெரிய இடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு கால்வாயை அடைக்கிறார்கள், இங்கே ஒரு குட்டை கலங்குகிறது. நடுவில் இருக்கிற ஒவ்வொருவனும் தனக்கு நஷ்டம் வராமல் பக்கத்துக்காரனுக்குத் தள்ளிவிடுகிறான். கடைசியில் தள்ள ஆள் இல்லாதவன் அதைக் குடிக்கிறான்.

இப்போது நிலைமை உனக்குத் தெரியாது, ஹாஸ்டலை விட்டுக் கம்பெனிக் கொட்டடியில் போய் இருக்கிறாய். கந்தகம் நின்றதிலிருந்து இத்தனை வாரமாகக் கூண்டு அணைந்து கிடக்கிறது. குட்டை கலங்கியதும் நாங்கள் குடத்தோடு கிணற்றுக்குப் போனோம். அந்தம்மாள் இப்போது இல்லை, மருமகள்தான். கூண்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஊற்றினாள். தினமும் ஊற்றுகிறாள். நேற்று வாளியைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "திங்கக்கிழமை கம்பெனி ஓடுதாமே? அப்ப உங்களுக்கு இங்க வேலை இல்லேல்ல?" யாக்கோபு மாமா வீட்டுப் பேத்திக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. நீ திங்கட்கிழமை உலையில் வைக்கோலைப் போட்டு ஒரு குச்சியைக் கிழித்தால் கிணறு மூடிக்கொள்ளும். நீ கேட்ட நஷ்டம் யாருக்கு என்றால், அந்தக் குழந்தைக்கு.

மூட்டாவிட்டால் உனக்கு வேலை போகும். கம்பெனி வேறு ஓர் ஆளைக் கூப்பிடும், அவன் மூட்டலாம். தெரியும். அவன் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன். ஒதுக்கீடு போய்க் கம்பெனி மூடினால் நம் தெருவில் அடுப்பு எரியாது, அதுவும் தெரியும். பசி எனக்குப் புதுசு இல்லை. பசிக்கு யோசிக்க நேரம் உண்டு. கழனிக்குப் போகலாம், செவ்வாப்பேட்டைப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகலாம், கும்பலாகப் போய்க் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து கந்தகம் எங்கே என்று கேட்கலாம். வாந்திபேதி விடிந்தால் வந்து மதியத்துக்குள் முடித்துவிடுகிறது.

பெண்களிடம் பேசிவிட்டேன். அன்று சிரித்தவர்களும் இருந்தார்கள், இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலைச் சங்குக்கு முன்னால் கம்பெனி கேட்டுக்கு வருகிறோம். கூண்டில் புகை எழுந்தால், எங்களுக்குப் படிகாரம் கொடு என்று கேட்போம். முதலாளி வெளியே வர மாட்டார், மேனேஜர் உலைக்குப் பொறுப்பான ஆளைத்தான் அனுப்புவார். நீதான் வருவாய். வரிசையில் முதல் குடம் என்னுடையது. என் மகன் என்று குடத்தைக் கீழே இறக்க மாட்டேன். நீ மூட்டிய நெருப்பில் என்ன காய்ந்ததோ அதை இதில் போடு என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்பேன்.

புகை எழாவிட்டாலும் அங்கேதான் நிற்பேன். உன்னை வெளியே தள்ளுவார்கள். துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வா, வீட்டுக்குப் போகலாம். கஞ்சிதான் இருக்கும்.

உன் அம்மா